தூண்டல் விளைவா, ஹைப்பர்கொஞ்சுகேசனா: உயர்தர வகுப்பில் எதை முதலில் எடுப்பது?

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குச் சேதன இரசாயனம் படிப்பிக்கிறேன். மூன்றாம் நிலைக் காபோகற்றயன், அதாவது நேரேற்றமுள்ள காபனோடு வேறு மூன்று காபன்கள் இணைந்த அயன், ஏன் கூடுதல் உறுதியானது என்பதற்குத் தூண்டல் விளைவு, ஹைப்பர்கொஞ்சுகேசன் என இரண்டு விளக்கங்கள் உண்டு. நான் இப்போது ஹைப்பர்கொஞ்சுகேசனைத்தான் முதலில் எடுக்கிறேன்.

தூண்டல் விளைவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். மெதைல் போன்ற அற்கைல் கூட்டம் சிக்மா பிணைப்பு (ஒற்றைப் பிணைப்பு) வழியே இலத்திரனைத் தள்ளும், நேரேற்றம் தணியும். ஒரு வரியில் எழுதி முடிக்கலாம். குளோரோ அசற்றிக்கமிலம் ஏன் அசற்றிக்கமிலத்தை விட வலிமையானது என்று கேட்டால் இதுதான் கைகொடுக்கும் (அங்கே குளோரின் இலத்திரனைத் தள்ளாமல் இழுக்கும்), ஹைப்பர்கொஞ்சுகேசன் அங்கே உதவாது.

ஆனால் “சேர், மெதைல் ஏன் தள்ளுது?” என்று ஒரு பிள்ளை கேட்டால் இந்த விளக்கம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஹைப்பர்கொஞ்சுகேசன் அதற்குப் பதில் சொல்கிறது. நேரேற்றமுள்ள காபனில் ஒரு பி ஒபிற்றல், அதாவது இலத்திரன்கள் இருக்கக்கூடிய ஒரு வெளி, வெறுமையாக இருக்கிறது. பக்கத்துக் காபனின் காபன்-ஐதரசன் பிணைப்பு அதற்குச் சமாந்தரமாக வரும்போது, பிணைப்பு இலத்திரன்கள் அதற்குள்ளும் சற்றுப் பரவும். ஏற்றம் பரவினால் சக்தி குறையும். அப்புறம் எண்ணினால் சரி: அல்பா ஐதரசன்கள் (அந்தப் பக்கத்துக் காபன்களில் உள்ளவை) மெதைல் கற்றயனில் 0, எதைலில் 3, ஐசோபுரோப்பைலில் 6, மூன்றாம் நிலைப் பியூற்றைலில் 9.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது அற்கீன் (காபன்-காபன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்வை) பாடம். அங்கே நேரேற்றமே இல்லை, ‘ஏற்றம் தணிகிறது’ என்று சொல்ல வழியில்லை. ஹைப்பர்கொஞ்சுகேசனில் அதே கதைதான்: வெறும் பி ஒபிற்றலின் இடத்தில் இரட்டைப் பிணைப்பின் வெறுமையான எதிர்ப்பிணைப்பு ஒபிற்றல். பியூற்-1-ஈனில் அல்பா ஐதரசன் 2, பியூற்-2-ஈனில் 6. ஐதரசனேற்றினால் எல்லாம் பியூற்றேனாகவே முடியும், ஆகவே வெளிவரும் வெப்பத்தை நேரடியாக ஒப்பிடலாம். பியூற்-1-ஈன் மூலுக்குச் சுமார் 127 கிலோயூல், சிஸ் பியூற்-2-ஈன் (இரு மெதைல்களும் ஒரே பக்கம்) 120, திரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) 116. குறைவாக வெப்பம் விடுவது கூடுதல் உறுதியானது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இதை அளக்க முடியாது, இலக்கங்களைக் கரும்பலகையில் எழுதித்தான் காட்டுகிறேன். தருமபுரம், விசுவமடுப் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைப் பார்த்தே எழும்புவார்கள். இரண்டு பாடத்துக்கும் ஒரே விளக்கம் போதும் என்பது அவர்களுக்குப் பெரிய விசயம்.

எண்ணிக்கையை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. சிஸ், திரான்ஸ் இரண்டிலும் 6 தான். அந்த 4 கிலோயூல், இரு மெதைல்களும் ஒரே பக்கத்தில் நெருக்குவதால் வருவது. 9 என்றால் 3 ஐப் போல மும்மடங்கு உறுதி என்றும் எழுதக்கூடாது, காபன்-காபன் பிணைப்புகளும் இப்படிப் பங்களிக்கக்கூடியவை. எதேனில் ஐதரசன்கள் விலகி நிற்கும் அமைப்பு ஏன் விருப்பமானது என்ற கேள்விக்கு இதைப் பொருத்த எனக்குத் துணிவில்லை. ஹைப்பர்கொஞ்சுகேசன்தான் காரணம் என்று 2001 இல் வந்த ஆய்வை, நெருக்கமே காரணம் என்று 2003 இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எதேன் காபன்-காபன் பிணைப்பைச் சுற்றித் திரும்பும்போது வரும் 12 கிலோயூல் தடையைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கத்தையும் சொல்லி விடுகிறேன்.