ஒரே அறைக்குள் ஒரு மந்திர மொழி: சுவே நக்ஸ்

படமே இல்லாமல் முழுக்க எழுத்திலேயே நடக்கும் புதிர் விளையாட்டு பிடிக்கும் என்றால், 2007இல் வந்த 'சுவே நக்ஸ்' விளையாடிப் பாருங்கள், இலவசம்தான். மந்திரவாதியின் பெட்டக அறைக்குள் மாட்டிக்கொள்கிறோம், கதவு மூடிவிட்டது, கும்மிருட்டு. கைக்குத் தட்டுப்படுவதைத் தடவித் தடவித்தான் தொடங்க வேண்டும். வெளிச்சம் வந்த பிறகுதான் அசல் ஆட்டமே: கிடைத்த மந்திரத்தை அப்படியே சொல்வதோடு நிற்காமல், அதைத் துண்டுதுண்டாகப் பிரித்து, எந்தச் சொல் எதைச் செய்கிறது என்று கவனித்து, வேறு சொல்லோடு மாற்றிக் கோத்துப் பார்க்க வேண்டும். ஒரு புதிரில் பிடிபட்ட சொல்தான் அடுத்ததற்குச் சாவி. அபாரமான வடிவமைப்பு! ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும், அப்புறம் பேனாவும் தாளும் கண்டிப்பாகப் பக்கத்தில் இருக்கட்டும். விடைக் குறிப்பை மட்டும் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள்.