நேர மண்டலத் தரவு: இயங்குதளத்திடம் கேட்பதா, கூடவே கொண்டுபோவதா?

லினக்ஸ் மென்பொருளை விண்டோஸுக்கு மாற்றும்போது முதலில் இடிப்பது மண்டலத்தின் பெயர். அங்கே ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற ஐயானா (உலக நேர மண்டலத் தரவை வெளியிடும் அமைப்பு) பெயர். இங்கே ‘இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்’.

இயங்குதளத்தின் தரவையே நம்பினால் நிரல் சிறிதாக இருக்கும், மண்டலத்தின் நேர விதி மாறினால் சிஸ்டம் அப்டேட் பார்த்துக்கொள்ளும். ஆனால் பெயர்களைப் பொருத்த ஓர் அட்டவணை வேண்டும். யூனிகோடின் சிஎல்டிஆர் என்ற மொழி, வட்டாரத் தரவுத் தொகுப்பு அதைத் தருகிறது, சரி. பெர்லினும் ரோமும் விண்டோஸில் ஒரே மண்டலம் என்பதால், திரும்ப மாற்றும்போது ரோம் காணாமல் போய்விடும். பழைய தேதிகளில் சிக்கல் இன்னும் பெரிது: ஐயானா 1970 முதலான மாற்றங்களைப் பொறுமையாகத் தொகுத்து வைத்திருக்கிறது, விண்டோஸின் சொந்தத் தரவில் அந்த ஆழம் இல்லை.

ஐயானா தரவை மென்பொருளோடு சேர்த்து அனுப்பினால் எல்லா இடத்திலும் ஒரே விடை. பதிலுக்கு, ஆண்டுக்குச் சில முறை வரும் புதிய பதிப்பை நாமே கொண்டுசேர்க்க வேண்டும்.

காலண்டர், முன்பதிவு என்றால் நான் தயங்காமல் இரண்டாவதையே எடுப்பேன். கோப்பின் நேரத்தைக் காட்டும் சிறு கருவிக்கு முதலாவது போதும். அப்புறம், எந்த வழியானாலும் நடந்து முடிந்ததை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமியுங்கள். வரப்போகும் சந்திப்புக்கு உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்து வையுங்கள்.