சத்துணவு மிச்சத்துக்குக் குழியா, மண்புழுத் தொட்டியா?

சத்துணவுக் கூடத்தில் மிஞ்சுவது இரண்டு வகை. காய்த்தோல், கறிவேப்பிலைக் காம்பு, முட்டை ஓடு ஒரு பக்கம். தட்டில் மிஞ்சிய சாம்பார் சாதம், புளிச்சாதம் இன்னொரு பக்கம். இவற்றை உரமாக்க உரக்குழி, மண்புழுத் தொட்டி இரண்டில் எந்த முறை சரிப்படும் என்பதை முடிவு செய்வது இந்தச் சாதம்தான்.

மண்புழு உரம் பார்க்க அழகு: கறுப்பாக, தேயிலைத்தூள் மாதிரி உதிரும். பிள்ளைகளும் ஆர்வமாக எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் புழுவுக்கு உப்பு, எண்ணெய், புளி, காரம் ஆகாது. சாதத்தைக் கொட்டினால் புளித்துச் சூடேறும், புழு ஓரத்துக்கு ஓடும், அப்புறம் எறும்பு வரும். நிழலும் ஈரமும் எப்போதும் வேண்டும். மே மாத விடுமுறையில் யார் தண்ணீர் தெளிப்பது? ஆளில்லாத பள்ளியில் ஜூனில் வெறும் தொட்டிதான் இருக்கும்.

குழி இவ்வளவு செல்லம் கேட்காது. ஒரு கூடை மிச்சத்துக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு போட்டு மூட வேண்டும். வேப்பமரம் உள்ள பள்ளியில் சருகுக்கா பஞ்சம்! குவியல் ஓரளவு பெரிதாக இருந்தால் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டும், சாதம் இருந்த இடம் தெரியாது. வாரம் ஒரு முறை கிளறினால் போதும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். மழையில் தண்ணீர் நிற்கும் இடமென்றால் குழி வெட்டாமல், தரைமேல் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டலாம். உரமாக மூன்று மாதமாவது ஆகும், சரி.

என் ஓட்டு குழிக்கு. புழு வளர்க்க ஆசையிருந்தால் காய்த்தோலுக்கு மட்டும் சின்னத் தொட்டி வைக்கலாம். முட்டை ஓட்டையும் பொடித்துத் தூவலாம்.