மைக் கேபிளை ஆம்ப்ளிஃபையருக்குள் போட்டேன்

மைக்குக்கு என்று விற்கிற இரண்டு கோர் ஷீல்டு கேபிளை (உள்ளே இரண்டு தனிக் கம்பிகள், அவற்றைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் செம்பு உறை) நான் வாங்கியது மைக்குக்காக இல்லை. நானே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையரில், இன்புட் சாக்கெட்டிலிருந்து வால்யூம் கண்ட்ரோலுக்கும் அங்கிருந்து போர்டுக்கும் போகிற வயரை மாற்றத்தான். மூன்று மாதமாக ஓடுகிறது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

பெட்டிக்குள் இருப்பது ஒலியைப் பெருக்கும் டிடிஏ7294 ஐசி இரண்டு, வளைய வடிவ (டொராய்டல்) 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 50 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல். பாட்டு ஓடும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். அம்மா ஒருநாள் "எங்கேயோ வண்டு கத்துதுடா" என்று ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்தால் 27 மில்லிவோல்ட் ஏசி. இந்த ஐசியின் வழக்கமான சர்க்யூட்டில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 30 டெசிபல், அதாவது ஏறக்குறைய 32 மடங்கு. அப்படியென்றால் இன்புட்டில் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், வண்டு வந்துவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பழைய ஆர்சிஏ பிளக் ஒன்றில் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வைத்து, அதை இன்புட்டில் சொருக வேண்டும். உறுமல் நின்றுவிட்டால் சிக்கல் வெளியே. நிற்காவிட்டால் பெட்டிக்குள். எனக்கு நிற்கவில்லை. அப்புறம் வால்யூமைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் வைத்தால் 27, பூஜ்யத்தில் 11. இந்த இரண்டு எண்ணும்தான் எனக்கு வழி காட்டின. நடுவில் இருக்கும்போது கண்ட்ரோலின் நடுக்கால் (சிக்னல் வெளியே போகும் கால்) கிரவுண்டிலிருந்து 12.5 கிலோ ஓம் தடை தள்ளி 'அந்தரத்தில்' நிற்கிறது. பக்கத்தில் ஓடும் மெயின்ஸ் வயரின் மின்புலம் அங்கே சுலபமாக ஏறிக்கொள்ளும். அது ஷீல்டின் குறை. பூஜ்யத்தில் நடுக்கால் நேராகக் கிரவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அப்போதும் வருகிற 11 வேறு ஏதோ. ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு.

முதல் நோய்க்குப் பழைய வயர்தான் காரணம். மெல்லிய ஒற்றைக் கோர் வயர், 'ஷீல்டட்' என்று சொல்லித்தான் விற்றார்கள், யார் என்பது வேண்டாம். மேல்தோலை உரித்தால் தலையில் முடி கொட்டியவர் சீவி மறைத்த மாதிரி ஏழெட்டு செம்பு இழைகள் ஒரே பக்கமாகச் சுற்றியிருந்தன. வளைத்தால் இழைகள் விலகி உள்ளே கோர் பளிச்சென்று தெரிந்தது.

இரண்டாவது நோய் என் கைவேலை. இடது சேனல் வயரின் ஷீல்டையும் வலது சேனல் வயரின் ஷீல்டையும் இரண்டு முனைகளிலும் கிரவுண்டில் வைத்திருந்தேன். போதாததற்கு ஒரு வயர் பெட்டியின் ஓரமாகவும் மற்றது டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கமாகவும் போனது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி ஒரு பெரிய செம்பு வளையம் தயார். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் இந்த வளையத்துக்குள் புகுந்து ஷீல்டில் கரண்டை ஓட்டும். அதே ஷீல்டில்தான் சிக்னலும் திரும்பி வருகிறது. எவ்வளவு நெருக்கமாகப் பின்னிய செம்பு ஷீல்டும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. தூரம் தள்ளுவது, வளையத்தைச் சுருக்குவது, வயரை முறுக்குவது, இவ்வளவுதான் வழி.

இந்தக் கேபிளில் முறுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பதால்தான் வாங்கினேன். ரப்பர் மாதிரி மேல்தோலை உரித்ததும் வருவது நெருக்கமான செம்புப் பின்னல். நகத்தால் தள்ளினால்தான் இடைவெளி தெரிகிறது. அதற்குள் வெள்ளைப் பஞ்சு நூலோடு சேர்த்து முறுக்கிய சிவப்பு, வெள்ளைக் கோர்கள். பின்னலைக் கத்தரித்துப் பிய்க்க வேண்டாம். மேல்தோல் முடியும் இடத்தில் தடித்த ஊசியால் பின்னலை விலக்கி ஓட்டை போட்டு, கேபிளை அங்கே மடக்கி, கோர்களை அந்த ஓட்டை வழியாக ஊசி முனையால் இழுத்தால் இரண்டும் வெளியே வந்துவிடும். காலியான பின்னலை இழுத்து நீவினால் தட்டையான ஒரு வால். அதன் நுனியில் ஈயம் தொட்டால் வேலை முடிந்தது. முதல் முனைக்கு எனக்கு அரைமணி நேரம் ஆனது, நாலாவதுக்கு ஐந்து நிமிடம். ஈயம் வைக்கும்போது கோரின் தோல் உருகிப் பின்னால் ஓடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய வயரில் அதுவே ஒரு தலைவலி.

சிவப்பில் சிக்னல், வெள்ளையில் அதன் கிரவுண்ட். பின்னலை இன்புட் சாக்கெட் பக்கம் மட்டும் பெட்டியின் உலோகத்தில் வைத்தேன்; மறுமுனையில் வெட்டி ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) போட்டு மூடிவிட்டேன். ஆர்சிஏ சாக்கெட்டுகள் பிளாஸ்டிக் வாஷரோடு, பெட்டியைத் தொடாமல் நிற்கின்றன. சிக்னல் கிரவுண்ட் பெட்டியைத் தொடுவது பவர் சப்ளையில் ஒரே இடத்தில். இரண்டு சேனல் கேபிளையும் ஒட்டிக் கட்டி, டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர் ஓரமாக விட்டேன். முனைகளைச் சேர்த்து ஈயம் வைத்த அதே பிளக், அதே மீட்டர்: வால்யூம் நடுவில் 2 மில்லிவோல்ட், பூஜ்யத்தில் 1. ஸ்பீக்கரில் காதை வைத்தால் 'ஸ்ஸ்' மட்டும்.

இதில் கேபிளுக்கு எவ்வளவு பெருமை, நான் இழுத்த பாதைக்கு எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பாதி என்பேன். இதே கேபிளின் பின்னலைப் பழையபடி இரண்டு முனையிலும் வைத்து, டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி இழுத்தால் வண்டு திரும்பி வரும்.

வெளியிலிருந்து வருவதற்கு இது மருந்தல்ல. எர்த் பின் உள்ள சார்ஜரில் லேப்டாப்பை மாட்டி அதிலிருந்து பாட்டுப் போட்டால் உறுமல் மறுபடி வந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. இரண்டு கருவிகளின் எர்த்தும் சேர்ந்து போடுகிற வளையம் அது. குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் போட்டேன். உறுமல் போனது, கூடவே அடிமட்ட பேஸும் போனது. அவ்வளவு சின்ன இரும்புக் கோரால் தாழ்ந்த ஸ்தாயியைத் தாங்க முடியாது. இப்போது பாட்டுக் கேட்கும்போது லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிர் போகிற யோசனை.

போன் பக்கத்தில் இருந்தால் வருகிற 'டிர்ர் டிர்ர்' இன்னொரு ஜாதி. போர்டின் இன்புட்டில் 1 கே ரெசிஸ்டரும், அதற்குப் பிறகு கிரவுண்டுக்கு 220 பிகோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டதும் அடங்கியது. அந்த வடிகட்டி வேலையைத் தொடங்குவது காது கேட்கும் எல்லைக்கு மேல்தான், காதுக்கு ஒன்றும் குறையாது.

கழித்த ஒரு மதிப்பெண் தடிமனுக்கு. 6 மில்லிமீட்டர் கேபிள் மேடையில் இழுபட ஏற்றது, சின்னப் பெட்டிக்குள் முரண்டு பிடிக்கிறது. மூடியைப் போடும்போது கேபிள் உந்தி, வால்யூம் கண்ட்ரோலின் ஒரு கால் ஒடிந்தே போனது. புதிய கண்ட்ரோல் வாங்கி மறுபடி நாலு முனைகளையும் ஊசியால் நோண்டினேன். இதே அமைப்பில் 3 மில்லிமீட்டர் கேபிளும் வருகிறது. பெட்டிக்குள் போட அதை வாங்குங்கள்.