வூண்ட் பேட்ஜை அடித்தது யார்? லூப், காலிபர், தராசு: என் அனுபவம்

ஜெர்மன் வூண்ட் பேட்ஜ் கையில் வந்ததும் எல்லோரும் முதலில் திருப்பிப் பார்ப்பது, அடித்த பட்டறையைக் காட்டும் பின்பக்க எண்ணைத்தான். நானும் சில வருஷமாக ஒரு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடி), அளவெடுக்க டிஜிட்டல் காலிபர், நகைத் தராசு, காந்தம் இவற்றை வைத்துக்கொண்டு இதே வேலையாக இருக்கிறேன், எது உதவுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று எழுதிவைக்கலாமே என்றுதான் இது.

புதியவர்களுக்குச் சுருக்கமாக: போரில் காயம்பட்டவர்களுக்காக 1918 மார்ச்சில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தொடங்கிய பதக்கம். 1939இல் நாஜி அரசு ஹெல்மெட்டின் மேல் ஸ்வஸ்திகா சேர்த்து மறுபடி கொண்டுவந்தது. ஒன்றிரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்துக்கும் அதற்கு மேலும் தங்கம். வெள்ளி, தங்கம் எல்லாம் பெரும்பாலும் மேல்பூச்சுதான், உள்ளே பித்தளை வகையோ துத்தநாகமோ இருக்கும்.

எண் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு வழங்கிய பதக்கங்களுக்கு வெறும் எண், கடையில் தனியாக விற்றவற்றுக்கு முன்னால் 'எல்/' சேர்த்த எண் என்று இரண்டு வரிசைகள் உண்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ல்யூடென்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் & ல்யூக் நிறுவனத்துக்கு அரசு எண் 4, கடை எண் எல்/16. வெறும் 16 என்று இருந்தால் அது வேறு ஆள், ஷ்வேபிஷ் க்ம்யூண்டின் அலோய்ஸ் ரெட்டன்மையர். விற்பவர்கள் பாதிப் பேர் இதைக் கலந்துகட்டித்தான் எழுதுகிறார்கள்.

சரி, எண்ணே இல்லாத பேட்ஜுக்கு என்ன செய்வது? நிறைய பேட்ஜுகளில், முக்கியமாக ஆரம்ப காலத்தவற்றில், எண்ணே கிடையாது. இங்கேதான் லூப் விலைமதிப்பில்லாதது. பத்து மடங்கு போதும். ஒரே அச்சில் அடித்த பேட்ஜுகளில் அந்த அச்சின் குறைகளும் அப்படியே பதிந்திருக்கும்: இலைமாலையில் ஒரு இலையின் ஓரத்தில் மெல்லிய கோடு, ஹெல்மெட்டைச் சுற்றியுள்ள புள்ளிகளில் இரண்டு ஒட்டிக்கொண்டிருப்பது, வாளின் பிடியருகே ஒரு சின்ன மேடு. எண்ணுள்ள பேட்ஜில் இதே குறை இதே இடத்தில் இருந்தால் எண்ணில்லாததன் ஊரையும் பேரையும் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அச்சு தேயத் தேய விரிசல் நீளும், அதை வைத்து எது முன்னால் அடித்தது, எது பின்னால் என்றுகூட வரிசைப்படுத்த முடியும். இதில் இருக்கிற சுகம் எண்ணைப் படிப்பதில் இல்லை.

பின்பக்கக் கீல், ஊசி, கொக்கி மூன்றையும் பாருங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். ஒரே மாதிரிக் கீல் பல பட்டறைகளின் பேட்ஜுகளில் வருகிறது. தவிர, முன்னாள் சொந்தக்காரர் யாராவது பழுது பார்த்து வேறு ஊசி பற்றவைத்திருக்கலாம்.

தராசு நினைத்ததைவிட உபயோகம். செம்பு அதிகமுள்ள டோம்பாக் பித்தளையில் அடித்தது, அதே அளவு துத்தநாகப் பேட்ஜைவிட ஐந்தில் ஒரு பங்காவது கனமாக இருக்கும். போர் நீள நீள துத்தநாகம்தான் அதிகம், அதில் வெள்ளிப்பூச்சு ஒட்டி நிற்காமல் சாம்பல் நிறமாகிவிடும்.  கறுப்புப் பேட்ஜ் இரும்புத் தகடா, பித்தளைத் தகடா என்பதைக் காந்தம் சொல்லிவிடும், அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

காலிபர் போலிக்காக. அசலிலிருந்து வார்ப்பெடுத்த போலி ஆறும்போது சுருங்கும், அரை மில்லிமீட்டர் குறைந்தாலே சந்தேகப்படுங்கள். லூப்பில் பார்த்தால் எண்ணின் ஓரங்களும் மழுங்கியிருக்கும். மலிவான காலிபர் அணைத்து வைத்தாலும் பேட்டரியைக் குடிக்கிறது, கழற்றி வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் செருகும் மைக்ரோஸ்கோப் ஏமாற்றம்தான். அதன் வெளிச்சம் நேராக விழுவதால் மேடுபள்ளமே தெரிவதில்லை, மேஜை விளக்கைச் சாய்த்துவைத்து லூப்பில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இவ்வளவும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. வியன்னாவின் ருடால்ஃப் சூவால் போன்ற பட்டறை போருக்குப் பிறகும் பதக்கம் அடித்தது. அப்போது பெயரும் சரியாக இருக்கும், அச்சும் ஒத்துப்போகும், காலம் மட்டும் வேறு. அந்தப் பேட்ஜுகளில் நான் பூச்சையும் பின்பக்க வேலைப்பாட்டையும்தான் நம்புகிறேன், சந்தேகம் வந்தால் வாங்குவதில்லை.

அப்புறம், ஜெர்மன் ஏலக்காரர்கள் நாஜிச் சின்னங்களைக் காட்டத் தடைபோடும் சட்டத்துக்குப் பயந்து படத்தில் ஸ்வஸ்திகாவை மறைத்துவிடுவார்கள், அதில் ஹெல்மெட்டின் பாதியும் போய்விடும். அச்சுக் குறை தேடுகிறவர்கள் இலைமாலையின் கீழ்ப்பகுதிக்கும் பின்பக்கத்துக்கும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்புகிறார்கள்.