ஓடும் சர்வரில் ஃபயர்வால் விதிகளை மாற்ற: ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோரா, என்எஃப்டியா?

கைக்கு எட்டாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரில் ஃபயர்வால் விதிகளை மொத்தமாக மாற்ற மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸின் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட், விதிக்கோப்பை அதில் மொத்தமாக ஏற்றும் ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோர், அதற்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸின் ‘என்எஃப்டி’ கட்டளை ஏற்றும் கோப்பு. நான் என்எஃப்டி பக்கம்.

ஸ்கிரிப்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முதல் வரி பழைய விதிகளை அழிக்கும். கடைசி வரி ஓடி முடியும்வரை இருப்பது பாதி ஃபயர்வால். நடுவில் ஒரு வரி பிழையானால் அந்தப் பாதியே நிலைத்துவிடும்.

ரீஸ்டோர் அப்படியல்ல. ஒரு டேபிளின் (விதிகளின் தொகுதி) விதிகள் அனைத்தையும் ஒரே வீச்சில் கெர்னலுக்குள் ஏற்றும். ஆனால் ஒரு டேபிளுக்கு மட்டும்தான் அந்த உத்தரவாதம். அனுமதிக்கும், தடுக்கும் ஃபில்டர் டேபிளுக்கு ஒரு கமிட் (ஏற்றி உறுதிசெய்தல்), முகவரி, போர்ட்டை மாற்றும் நாட் (NAT) டேபிளுக்கு ஒரு கமிட், ஐபிவி6-க்குத் தனிக் கட்டளை. 443-ஆம் போர்ட்டுக்கு வருவதை 8443-க்குத் திருப்பும் மாற்றம் என்று வையுங்கள். புதிய ஃபில்டர் 443-ஐ மூடி 8443-ஐத் திறக்கிறது, அது ஏறிவிட்டது. அடுத்து நாட் பகுதியில் எழுத்துப்பிழை. திருப்புதல் இல்லை, 443-உம் மூடியாயிற்று, தளம் படுத்துவிடும்.

என்எஃப்டியில் கோப்பு முழுவதும் ஒரே பரிவர்த்தனை. கெர்னல் புதிய விதிகளை ஓரமாக அடுக்கிவைத்து, எல்லாம் சரியென்றால்தான் மாற்றும். வரும் பாக்கெட் பழைய தொகுப்பைப் பார்க்கும், அல்லது புதியதை. ஐநெட் டேபிளில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் சேர்ந்தே மாறும். என்எஃப்டேபிள்ஸ் லினக்ஸ் 3.13-இல், 2014-லேயே வந்துவிட்டது.

ஆனால் இந்த உத்தரவாதத்தை நாமே கெடுத்துக்கொள்ள வழிகள் உண்டு. இருக்கும் விதிகள் எல்லாவற்றையும் அழிக்கும் ‘ஃப்ளஷ் ரூல்செட்’ கோப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும். அதைத் தனிக் கட்டளையாக ஓட்டிவிட்டுக் கோப்பை ஏற்றினால், இடையில் ஃபயர்வாலே இல்லை. அந்த வரியே இல்லாவிட்டால், பழைய விதிகளின் வாலில் புதியவை ஒட்டிக்கொள்ளும்.

டெபியனில் இன்னொன்று. என்எஃப்டேபிள்ஸை ஏற்றும் சிஸ்டம்டி (சேவைகளை இயக்கும் நிரல்) சேவையை ‘ரீஸ்டார்ட்’ செய்யாதீர்கள், ‘ரீலோட்’ செய்யுங்கள். அங்கே சேவையை நிறுத்துவதென்றால் எல்லா விதிகளையும் அழிப்பது என்று பொருள். அதன்பின் கோப்பில் பிழை இருந்தால் சர்வர் திறந்தே கிடக்கும். பூட் ஆகும்போதும் இதே ஆபத்து: பாக்கெட் வரும் நெட்வொர்க் இடைமுகத்தை விதியில் ‘ஐஐஎஃப்’ என்று எழுதினால் அந்த இடைமுகம் அப்போதே இருந்தாக வேண்டும். பிபிபி0 போன்ற இடைமுகம் எழும்பத் தாமதமானால் முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். ‘ஐஐஎஃப்நேம்’ பெயரை மட்டுமே ஒப்பிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் ஓடும் சர்வரில் ‘ஃப்ளஷ் ரூல்செட்’ டாக்கரின் விதிகளையும் சேர்த்து விழுங்கும். அங்கே உங்களுக்கென ஒரு டேபிள் வைத்து அதை மட்டும் மாற்றுங்கள்: வெறும் டேபிள் அறிவிப்பு, அடுத்து டெலீட், அடுத்து முழு வரையறை, மூன்றும் ஒரே கோப்பில். முதல் அறிவிப்பு எதற்கென்றால், இல்லாத டேபிளை டெலீட் செய்யச் சொன்னால் பிழை வரும். தடைசெய்த முகவரிகள் டேபிளுக்குள் உள்ள செட்டில் (முகவரிப் பட்டியல்) சேர்ந்திருந்தால் டேபிளோடு அவையும் போய்விடும். அவை வேண்டுமென்றால் விதிகள் வரிசையாக இருக்கும் செயின்களை மட்டும் காலிசெய்து நிரப்புங்கள்.

ரீஸ்டோர் பக்கமும் நியாயம் உண்டு. 2.6.32 கெர்னலில் முடங்கிக் கிடக்கும் சென்டோஸ் 6-இல் வேறு வழியில்லை. ஏற்றியவரிடமிருந்து பதில் வராவிட்டால் பழைய விதிகளுக்கே திரும்பும் ஐபிடேபிள்ஸ்-அப்ளை கூடவே வருகிறது. இயல்பாக 10 நொடி காத்திருக்கும். என்எஃப்டிக்கு அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஓடும் டேபிளை ஒரு கோப்பில் சேமித்து, முன்சொன்ன அறிவிப்பு, டெலீட் வரிகளை அதன் தலையில் சேருங்கள். அதை 2 நிமிடத்தில் ஏற்றும்படி சிஸ்டம்டி-ரன் மூலம் ஒரு டைமர் வையுங்கள். புதிய கோப்பை ‘-சி’ தெரிவோடு சோதித்துவிட்டு ஏற்றுங்கள்.

சில நூறு விதிகள் உள்ள தனிச் சர்வர்களை வைத்தே இதைச் சொல்கிறேன். பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் களங்களுக்கு இதை அப்படியே நீட்ட மாட்டேன்.

ஏற்றியதும் இருக்கும் எஸ்எஸ்ஹெச் திரை வேலை செய்வதை நம்பாதீர்கள். ஏற்கெனவே திறந்த இணைப்புகளை அனுமதிக்கும் ‘எஸ்டாப்ளிஷ்ட்’ விதி அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் போர்ட் மூடியிருந்தாலும் தெரியாது. வேறொரு டெர்மினலில் புதிதாக உள்நுழைந்து பாருங்கள், ஐபிவி6 வழியாகவும். இரண்டும் திறந்தால் டைமரை நிறுத்தலாம்.