எக்ஸ்ரேக்காக மட்டும் கேட்ட தேதி

இந்தத் தடவை ஊருக்குப் போன மூன்று வாரத்தில் ஒரு நாளை ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கினேன். நான் இருக்கிற நாட்டில் டாக்டரைப் பார்க்க முறை வருவதற்குள் எதற்காகக் கேட்டோம் என்பதே மறந்துபோகும். ஊரில் காலையில் வெறும் வயிற்றோடு போனால் சாயங்காலம் ரிப்போர்ட் கையில். அந்த வேகத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

எனக்கு 50 வயது, மாதவிடாய் நின்று 14 மாதம் ஆகிறது. ராத்திரியில் வியர்த்துக் கொட்டி விழிப்பு வருவது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடப்பது என்று சில மாதமாகவே ஓடிக்கொண்டிருந்தது. வரவேற்பில் கொடுத்த படிவத்தில் 'கடைசி மாதவிடாய் தேதி' என்று ஒரு கட்டம். பரவாயில்லையே, கேட்கிறார்களே என்று பழைய மெசேஜ் எல்லாம் தேடி தேதியைக் கண்டுபிடித்து எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, "கர்ப்பம் இல்லைல மேடம்? எக்ஸ்ரேக்குத்தான் கேக்கறது" என்று டிக் அடித்து ஃபைலில் சொருகினாள். அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்தவர் கைராசிக்காரர், ஊசி இறங்கியதே தெரியவில்லை. இசிஜி எடுத்த பெண் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் ஆரம்பித்தாள், அதற்கே தனியாக நன்றி சொன்னேன். பிரஷர் பார்த்த இடம்தான் மோசம். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, எப்ப வந்தீங்க எப்ப கிளம்பறீங்க என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தார்கள்: 152/94. ஐந்து நிமிடம் உட்கார்கிறேன், அப்புறம் இன்னொரு தரம் பாருங்கள் என்று கேட்டேன். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேசையில் வைத்து, வாயைத் திறக்காமல் இருந்து பார்த்ததில் 136/86. அதுவும் நார்மல் இல்லை, ஆனால் முதல் எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

மூன்றாவது மாடியில் இதய டாக்டர். இசிஜி, எக்கோ நன்றாக இருக்கிறது, கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் கொலஸ்ட்ரால்தான் இரண்டு வருடத்துக்கு முன் 118 இருந்தது இப்போது 149. "வயசானா ஏறும்மா." படபடப்பைச் சொன்னேன், தூக்கம் எப்படி, டென்ஷனா என்றார். மாதவிடாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் மாடியில் மகளிர் டாக்டர் வியர்வையைப் பற்றி பொறுமையாகப் பேசினார், ஸ்கேன் பார்த்தார், கொலஸ்ட்ரால் தாளை நீட்டினால் "அது மேல பாத்துக்குவாங்க" என்றார். மேலே பார்த்துவிட்டுத்தானே கீழே வந்திருக்கிறேன்!

வயதானால் ஏறும் என்பது பாதி உண்மை. பிரஷர் வயதோடு மெல்ல ஏறுகிற சமாசாரம்தான், ஆனால் எல்டிஎல் அப்படியில்லை, மாதவிடாய் நிற்பதை ஒட்டிய ஓரிரு வருடத்தில் சட்டென்று ஏறுகிறது. 1990களில் அமெரிக்காவில் தொடங்கி, பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள, சினைப்பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உதவுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைத்து குழாயை இளக்கமாக வைத்திருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாதவிடாய் நிற்கும்போது அது குறைந்தால் குழாய் விறைக்கத் தொடங்கும், எடை ஏறாவிட்டாலும் கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேரும். இந்த மாறும் காலத்தில் இதய ஆபத்து கூடுகிறது, கவனிக்க வேண்டிய நேரம் இதுதான் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2020-லேயே தனி அறிக்கை விட்டிருக்கிறது.

சரி, ஹார்மோன் போட்டால் தீர்ந்ததா? இதயத்தைக் காப்பதற்கென்று மட்டும் அதைக் கொடுப்பதில்லை. வியர்வையும் தூக்கமின்மையும் தாங்க முடியாமல், வயது 60-க்குள் இருந்து, மாதவிடாய் நின்று பத்து வருடம் தாண்டாமலும் இருந்தால் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம்.

கடைசியில் ரிப்போர்ட்டை விளக்க உட்கார்ந்திருந்த இளம் டாக்டர்தான் அன்றைய நாளைக் காப்பாற்றினாள். எப்போது நின்றது, பிரசவ சமயத்தில் பிரஷர், சுகர் இருந்ததா என்று வரிசையாகக் கேட்டு, எல்டிஎல்லுக்குப் பக்கத்திலேயே '14 மாதம்' என்று எழுதினாள். படபடப்புக்குத் தைராய்டும் பார்க்கச் சொன்னாள். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் எழுதி வைக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து எல்டிஎல் மறுபடி. நெஞ்சு வலிதான் வரும் என்று காத்திருக்காதீர்கள், பெண்களுக்குத் தாடை வலி, முதுகு வலி, மூச்சுத் திணறல், குமட்டல் என்றும் மாரடைப்பு வரும், உடனே கிளம்பி வந்துவிடுங்கள் என்றாள். அப்புறம், "கூடப் பொறந்தவங்க யாராவது?" என்றாள்.

அக்காவுக்கு 41 வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 45-க்கு முன்னால் ஈஸ்ட்ரோஜன் நின்றுபோனால் இதய ஆபத்து இன்னும் அதிகமாம். ஆபரேஷன் முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அக்காவிடம் இதை யாரும் சொன்னதில்லை, கொலஸ்ட்ரால் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். அதே கவுன்டர், அதே படிவம். "தேதியெல்லாம் யாருக்குடி ஞாபகம்" என்று முணுமுணுத்தவளிடம் பேனாவை வாங்கி, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் '41 வயதில் ஆபரேஷன், சினைப்பைகள் இல்லை' என்று நெருக்கி எழுதினேன். "எக்ஸ்ரேக்கு இதெல்லாம் வேண்டாம் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும்மா" என்றேன்.